கிறிஸ்டோஃபர்சன் வியட்நாமுக்குப் போனாரா, கையில் பீரோடு ஹெலிகாப்டரை இறக்கினாரா?

கேள்வி இதுதான்: அமெரிக்கப் பாடகர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் ஓட்டி, அந்தப் போரின் காயத்தோடு திரும்பிவந்து, கன்ட்ரி என்ற அமெரிக்க இசைவகையின் பாடகரானார் என்றும், கையில் பீரோடு புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் வீட்டுப் புல்வெளியில் ஹெலிகாப்டரை இறக்கித் தன் பாட்டைக் கொடுத்தார் என்றும் ஒரு காணொளியில் சொன்னார்களாம். இதில் எவ்வளவு உண்மை, ராணுவம்தான் அவரைப் பாட்டுக்காரர் ஆக்கியதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு செய்திகளைச் சரிபார்க்கச் சொல்வதுபோல் தெரிந்தாலும், அவர் உண்மையில் கேட்பது கடைசிப் பகுதியைத்தான் என்று நினைக்கிறேன். போர் ஒருவனை உடைக்கும், உடைந்த இடத்திலிருந்து பாட்டு ஊறும் என்ற கதை நம் எல்லோருக்கும் பிடித்த கதை. கிறிஸ்டோஃபர்சன் விஷயத்தில் அது பொருந்தாது. அவர் வியட்நாமுக்குப் போகவே இல்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகள் விமானப்படையில் ஹெலிகாப்டர் டெக்னீஷியனாக இருந்தவன். விமானி இல்லை; விமானிகள் ஏறி உட்காரும் முன்பு இயந்திரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன். இசை இலக்கணமும் படித்ததில்லை. அஸ்ஸாமில் ஒரு தளத்தில் இருந்தபோது என் தங்குமிடத்தில் ஷில்லாங்கிலிருந்து வந்த ஒருவர் கிடார் வைத்திருந்தார். மழைக்காலத்தில் பறப்பு ரத்தானால் மாலை முழுவதும் அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாட்டுத்தான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரேடியோ சிலோனில் கேட்ட அதே ஜிம் ரீவ்ஸ். அவர் வழியாகத்தான் கேஷ், கேஷ் வழியாகக் கிறிஸ்டோஃபர்சன் எனக்குக் கிடைத்தார். அப்போதிலிருந்து அவருடைய பேட்டி எது கண்ணில் பட்டாலும் விடுவதில்லை. ஆக, ஹெலிகாப்டரைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். பாட்டைப் பற்றிச் சொல்வதை ஒரு ரசிகனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராணுவப் பின்னணி. 1936 ஜூன் 22 அன்று டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பிரவுன்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ராணுவ விமானி. பின்னர் அமெரிக்க விமானப்படையில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தவர். அந்த வீட்டில் மூத்த பிள்ளை என்ன ஆக வேண்டும் என்பது பேசி முடிவுசெய்ய வேண்டிய விஷயமாக இருந்திருக்காது. பையனும் ஏமாற்றவில்லை. கலிஃபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் இலக்கியம் படித்தார், குத்துச்சண்டை போட்டார், கால்பந்தும் ரக்பியும் ஆடினார், சிறுகதை எழுதிப் பரிசும் வாங்கினார். 1958இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்குப் போனார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்டவர் கவிஞர் வில்லியம் பிளேக். படைக்கும் திறனோடு பிறந்தவன் அதைப் புதைத்து வைத்தால் துயரம் வாழ்நாள் முழுவதும் அவனைத் துரத்தும் என்ற பிளேக்கின் எண்ணத்தைக் கிழவராகும் வரை மேடையிலும் பேட்டியிலும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் 'கிரிஸ் கார்சன்' என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு பாடகராகவும் முயன்றார். அது எடுபடவில்லை.

1960இல் ராணுவத்தில் சேர்ந்தார். ரேஞ்சர் என்ற கடுமையான தாக்குதல் பயிற்சியை முடித்தார். அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றார். அதன்பின் மேற்கு ஜெர்மனியில் பணி. கேப்டன் பதவி வரை வந்தார். அந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் இருந்த அமெரிக்கச் சிப்பாயின் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். சோவியத் படை எந்த நிமிடமும் வரலாம் என்று காத்திருப்பது. அது வரவில்லை. காத்திருப்புத்தான் வேலை. அங்கே சக சிப்பாய்களைச் சேர்த்து ஒரு இசைக்குழு அமைத்தார், பாட்டு எழுதினார், நிறையக் குடித்தார்.

வியட்நாம் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், அவரே அங்கே போக விரும்பினார். ஜெர்மனிப் பணி முடிந்தபோது வியட்நாமுக்கு விருப்பம் தெரிவித்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ராணுவம் அவருடைய ஆக்ஸ்ஃபோர்ட் படிப்பைப் பார்த்துவிட்டு, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தச் சொன்னது. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இந்த நகைச்சுவை புரியும்: நாம் கேட்கும் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போஸ்டிங் கிடைக்கும். 1965 கோடையில், அந்த வேலையை ஏற்பதற்கு முன் கிடைத்த விடுப்பில் டென்னஸியின் நாஷ்வில் நகரத்துக்குப் போனார். உடன் பணியாற்றிய அதிகாரி ஒருவரின் உறவினரான மரிஜான் வில்கின் அங்கே பாட்டு எழுதி, பாட்டுப் பதிப்பும் நடத்திவந்தார். அவரைப் பார்த்தார், பாட்டெழுதுகிறவர்கள் விடிய விடிய உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பாடிக்காட்டுவதைப் பார்த்தார், கேஷோடு கைகுலுக்கினார். திரும்பிப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். வயது 29. வீட்டில் மனைவியும் சிறு குழந்தையும்.

பெற்றோருக்கு இது சாதாரண ஏமாற்றம் இல்லை. தாய் கடிதம் எழுதி உறவையே முறித்துக்கொண்டார். பதினான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் அந்த மாதிரிப் பாட்டைக் கேட்பதில்லை, கேட்டாலும் அப்படிப்பட்டவர்கள் நமக்கு வேண்டியவர்கள் இல்லை என்பது கடிதத்தின் சாரம். அந்தக் கடிதம் கைமாறி ஜானி கேஷ் கண்ணில் பட்டதும், வீட்டிலிருந்து கடிதம் வருவது எவ்வளவு இனிமை என்று அவர் கிண்டலடித்ததும் கிறிஸ்டோஃபர்சன் சொன்ன கதைகளில் ஒன்று. கன்ட்ரி இசை அன்று படித்த குடும்பங்களில் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நம்மில் சிலர் அதை 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்த்து, வயற்காட்டுப் பாட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு. 1920களிலேயே இசைத்தட்டுக்கும் வானொலிக்கும் போய்விட்ட தொழில்முறை இசை அது. அதற்குச் சந்தை உண்டு, பதிப்பாளர் உண்டு, எழுதித் தள்ளும் எழுத்தாளர்கள் உண்டு. அந்தத் தொழிலின் தலைநகரம்தான் நாஷ்வில்.

அங்கே முன்னாள் கேப்டனுக்குக் கிடைத்த வேலை கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை பெருக்கிச் சிகரெட் சாம்பல் கிண்ணங்களைக் கழுவி வைப்பது. காணொளிகளில் வரும் இந்தப் பகுதி முழு உண்மை. 1966இல் பாப் டிலன் தன் புகழ்பெற்ற இரட்டை இசைத்தட்டுக்காக அங்கே வந்து பாடியபோது இவர் துடைப்பத்தோடு அதே கட்டடத்தில் இருந்தார். வேலைக்காரர் பாடகர்களிடம் தன் பாட்டை நீட்டக் கூடாது என்பது விதி. இவர், கேஷ் பின்னால் மணந்துகொண்ட பாடகி ஜூன் கார்ட்டர் வழியாகக் கேஷுக்கு ஒலிநாடாக்களைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். கேஷ் அவற்றை வீட்டருகே இருந்த ஏரியில் எறிந்துவிடுவார் என்று ஒரு கதை உண்டு. கேஷே சொன்ன கதை என்பதால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

இனி பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. தரை பெருக்கிக் குடும்பம் நடத்த முடியாது. மகனுக்குப் பிறவியிலேயே இருந்த உடல்குறையால் மருத்துவச் செலவும் சேர்ந்துகொண்டது. ராணுவம் கற்றுக்கொடுத்த தொழில் இங்கேதான் கைகொடுத்தது. லூசியானாவின் லஃபாயட் நகரத்திலிருந்து இயங்கிய ஒரு ஹெலிகாப்டர் நிறுவனத்தில் சேர்ந்து, மெக்சிகோ வளைகுடாவில் கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச்சென்றார். சில நாள் கடலில், சில நாள் நாஷ்வில்லில் என்று அந்த வாழ்க்கை ஓடியது.

அந்த வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாட்டுகள் அங்கேதான் பிறந்தன. எண்ணெய் மேடைக்குப் பறப்பது போர்ப் பறப்பு இல்லை, பஸ் ஓட்டுவதுபோல. ஆட்களை இறக்கிவிட்டு, அடுத்த ஆட்கள் வேலை முடித்து வரும் வரை மேடை மேலேயே இயந்திரத்தோடு காத்திருக்க வேண்டும். சுற்றிலும் தண்ணீர், பேச ஆள் இல்லை, கீழே துளையிடும் இயந்திரத்தின் ஓயாத சத்தம். நானும் எங்கோ ஓர் ஓரத்துத் தரையில், விமானி திரும்பி வரும் வரை ஹெலிகாப்டர் நிழலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். தூங்க முடியாது, நகர முடியாது. தலைக்குள் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலோருக்கு அது வீட்டுக் கடன் கணக்காக முடியும். இவருக்கு 'ஹெல்ப் மி மேக் இட் த்ரூ தி நைட்' ஆக முடிந்தது. ஓர் எண்ணெய் மேடையின் உச்சியில் ஹெலிகாப்டர் மீது சாய்ந்தபடி கிடாரை வைத்துக்கொண்டு எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். 'மி அண்ட் பாபி மெகீ' பாட்டும் அந்த லூசியானா ஓட்டத்தில் உருவானதுதான். அதன் பெயருக்கு ஒரு வேடிக்கையான பிறப்பு உண்டு. மான்யுமென்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் ஃப்ரெட் ஃபாஸ்டர் தொலைபேசியில், தான் இருந்த கட்டடத்தில் வேலை செய்த ஒரு பெண் செயலாளரின் பெயரைத் தலைப்பாகக் கொடுத்து ஒரு பாட்டு எழுதச் சொன்னார். அந்தப் பெயர் மெக்கீ. இவர் காதில் மெகீ என்று விழுந்தது. தலைப்பைக் கொடுத்ததற்காக ஃபாஸ்டர் பெயரும் பாட்டெழுதியவர்கள் வரிசையில் இன்றுவரை இருக்கிறது.

இப்போது புல்வெளிக்கு வருவோம். ஜானி கேஷ் வீட்டு நிலத்தில் அவர் ஹெலிகாப்டரை இறக்கினார் என்பது உண்மை. அப்போது டென்னஸி தேசியக் காவல்படையில் பகுதிநேரமாகப் பறந்துகொண்டிருந்தார். ஹெலிகாப்டரும் அந்தப் படையினுடையதுதான். எவ்வளவு பெரிய ஒழுங்குமீறல் என்று படையில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் ஒருவர் குறித்த பாதையை விட்டுக் கொஞ்சம் விலகித் தன் ஊருக்கு மேல் ஒரு வட்டம் போட்டதற்கே விசாரணை மாதக்கணக்கில் இழுத்தது.

ஆனால் ஒரு கையில் பீர், மறு கையில் ஒலிநாடா என்ற காட்சி கேஷ் வரைந்த படம். கிறிஸ்டோஃபர்சன் அதைப் பலமுறை மறுத்திருக்கிறார்: ஹெலிகாப்டர் ஓட்ட இரண்டு கையும் வேண்டும், கேஷின் கற்பனை வளமானது, தான் இறங்கியபோது கேஷ் வீட்டிலேயே இருந்ததாக நினைவில்லை, அன்று கொண்டுபோனதும் எல்லோரும் சொல்லும் 'சண்டே மார்னிங் கமிங் டவுன்' பாட்டு இல்லை, வேறு யாருமே பதிவுசெய்யாத ஒரு பாட்டு. இரண்டு கை விஷயத்தில் நான் அவருக்குச் சாட்சி சொல்வேன். வலது கையில் சைக்ளிக் என்ற நடுக்கோல். அது ஹெலிகாப்டரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும். இடது கையில் கலெக்டிவ். அது ஏற்றி இறக்கும். அந்தக் காலத்து இயந்திரங்கள் பலவற்றில் அதன் பிடியைத் திருகித்தான் இயந்திர வேகத்தை மாற்றும் த்ராட்டிலையும் கவனிக்க வேண்டும். இரண்டு காலும் பெடலில். இல்லாவிட்டால் மூக்கு சுழன்றுவிடும். நேராகப் பறக்கும்போது ஒரு கையை நொடிப்பொழுது எடுத்துத் தலையைச் சொறியலாம். மரங்களுக்கு நடுவே ஒரு வீட்டுப் புல்வெளியில் இறக்கும்போது முடியாது. இறங்கும் கடைசி அரை நிமிடத்தில் விமானியின் நான்கு உறுப்புகளும் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்.

அதற்காக அவர் குடிக்காமல் ஓட்டினார் என்று நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். பாட்டிலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருபத்துநான்கு மணி நேரம் இடைவெளி விடாததற்காக வளைகுடா வேலையிலிருந்து நீக்கப்படும் நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். டெக்னீஷியன் என்ற முறையில் இதைப் படிக்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. பின்னால் உட்கார்ந்திருந்த எண்ணெய்த் தொழிலாளர்களைத்தான் முதலில் நினைக்கிறேன்.

கேஷின் சாட்சியத்தை எப்படி எடுத்துக்கொள்வது? அவரும் முன்னாள் படைவீரர்தான். 1950 முதல் 1954 வரை அமெரிக்க விமானப்படையில் இருந்தவர். பவேரியாவின் லாண்ட்ஸ்பெர்கில் உட்கார்ந்து சோவியத் மோர்ஸ் தந்திகளை ஒட்டுக்கேட்டு எழுதுவது வேலை. 1953இல் ஸ்டாலின் இறந்த செய்தியை முதலில் பிடித்த அமெரிக்கன் தான்தான் என்று சொல்லிக்கொள்வார். ரஷ்ய மொழி தெரியாதவர், சங்கேதத்தை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்துபோகிறவர். அதில் என்ன செய்தி இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். நானும் சந்தேகப்படுகிறேன். நல்ல கதைசொல்லிகள் ஒரு கதையைத் திருத்தி மெருகேற்றாமல் விடமாட்டார்கள். கேஷ் கையில் அகப்பட்ட ஹெலிகாப்டர் பீர் இல்லாமல் இறங்கியிருந்தால்தான் ஆச்சரியம். ஏரியில் விழுந்த நாடாக்களையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

லாண்ட்ஸ்பெர்கைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேஷ் ஜெர்மனியில்தான் கிடார் வாங்கி, முகாமில் ஒரு இசைக்குழு சேர்த்தார். பத்து ஆண்டு கழித்து அதே ஜெர்மனியில் கிறிஸ்டோஃபர்சன் செய்ததும் அதேதான். 1971இல் ராணுவத்தில் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் ஹவாயில் பணியிலிருந்தபோது ராணுவமே ஆதரித்த ஒரு கன்ட்ரி குழுவில் பாடத் தொடங்கினார். மூவரில் யாரும் போர்முனையில் இருந்தவர்கள் இல்லை. எனவே ராணுவம் இவர்களைப் பாடகர் ஆக்கியதா என்று கேட்டால், போர் ஆக்கவில்லை, முகாம் ஆக்கியது என்பேன். வீட்டை விட்டு வெகுதூரம், நேரத்துக்குச் சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம், மாலையில் செய்ய ஒன்றும் இல்லை, கேட்க வேறு வழியில்லாத நாற்பது பேர். பாட்டுப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எங்கள் ஷில்லாங் நண்பர் ஒரே பாட்டை ஒரு பருவமழை முழுவதும் பிழையோடு வாசித்தார். அடுத்த மழைக்குப் பிழையில்லை. கன்ட்ரி பாட்டின் பாதி ஊர் ஏக்கம்தான் என்பதால் அது சிப்பாய் வாயில் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. இது என் கருத்து. மூன்று பேரை வைத்து விதி எழுதக் கூடாது என்பதும் தெரியும்.

வியட்நாம் அவரைத் தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ராணுவத்தை விட்டு வந்த புதிதில் அவர் எழுதிய 'வியட்நாம் புளூஸ்' பாட்டை 1966இல் டேவ் டட்லி பாடினார். விடுப்பில் வந்த சிப்பாய் போர் எதிர்ப்பாளர்களைப் பார்த்துப் பொருமுவதுதான் அந்தப் பாட்டு. அவருடைய பாட்டு ஒன்று முதன்முதலாக விற்பனைப் பட்டியலில் ஏறியது அப்படித்தான். போருக்கு ஆதரவான பாட்டு என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். பின்னால் அவர் கருத்து தலைகீழாக மாறியது. போரிலிருந்து திரும்பியவர்கள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் மாறினேன் என்று சொல்லியிருக்கிறார். 1980களில் நிகராகுவாவுக்குப் போய்வந்து, மத்திய அமெரிக்காவில் தன் நாட்டு அரசு செய்வதைக் கண்டித்துப் பாட்டுகளாகவே எழுதினார். அந்த இசைத்தட்டுகள் விற்கவில்லை. ரசிகர்கள் சிலர் எழுந்து வெளியே போனார்கள். கலையாகப் பார்த்தால் அந்தக் காலப் பாட்டுகள் சில கூட்டத்தில் பேசும் பேச்சுபோல இருக்கின்றன என்பது என் எண்ணம். ஆனால் அவற்றை எழுதியவர் படைவீரர்களின் எதிரி இல்லை. வாங்கிய பரிசுகளிலெல்லாம் முன்னாள் படைவீரர்கள் தந்த 'ஆண்டின் சிறந்த படைவீரர்' விருதுதான் தனக்குப் பெரிய பெருமை என்று சொன்னவர் அவர். போகத் தவறிய போருக்கும் விட்டுவந்த சீருடைக்கும் நடுவே எங்கோ ஒரு கணக்கை அவர் கடைசிவரை தீர்த்துக்கொண்டே இருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

புகழ் வந்த வேகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது எங்கும் கிடைக்கும். 1969இல் ரோஜர் மில்லர் பாபி மெகீயைப் பாடினார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் கேஷ் இவரை மேடையேற்றினார். 1970இல் ரே பிரைஸ் 'ஃபார் தி குட் டைம்ஸ்' பாடினார். கேஷ் 'சண்டே மார்னிங் கமிங் டவுன்' பாடினார். இரண்டும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். சாமி ஸ்மித் பாடிய எண்ணெய் மேடைப் பாட்டு கிராமி விருது கொண்டுவந்தது. பாபி மெகீயை ராக் பாடகி ஜானிஸ் ஜோப்ளின் 1970 அக்டோபர் 4 அன்று இறப்பதற்குச் சில நாள் முன்புதான் பதிவுசெய்திருந்தார். கிறிஸ்டோஃபர்சன் அதை முதன்முதலாகக் கேட்டது அவர் இறந்த பிறகு. 1971இல் அது அமெரிக்காவின் முதலிடப் பாட்டு.

இதில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். முந்தின இரவு குடித்த ஒருவன் காலையில் எழுந்து, உள்ளதில் அழுக்குக் குறைந்த சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆளில்லாத தெருவில் நடக்கிறான். கோழி பொரிக்கும் வாசனை வருகிறது, ஒரு தந்தை குழந்தையை ஊஞ்சலாட்டுகிறார், எங்கோ மணியடிக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் சாகவில்லை. அன்றைய நாஷ்வில் பாட்டு எழுதிய முறைக்கு இது புதிது. ஏமாற்றிய காதலியையோ ஓடும் ரயிலையோ தேடாமல், ஒரு தெருவைப் பார்த்தபடி நடந்தே ஒருவன் தனிமையைச் சொல்லிவிட முடியும் என்று அது காட்டியது. இலக்கியம் படித்த கை அதில் தெரிகிறது, ஆனால் ஒரு சொல்கூடப் படிப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. கேஷ் இதைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடவிருந்தபோது, போதையைக் குறிக்கும் ஒரு சொல்லை மாற்றும்படி தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டார்கள். எழுதியவர் அரங்கில் உட்கார்ந்திருக்க, கேஷ் மாற்றாமலே பாடினார். அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாட்டு விருதும் அதற்கே. கிறிஸ்டோஃபர்சன் வருவதற்கு முன், வந்த பின் என்று நாஷ்வில்லைப் பிரித்துப் பார்க்கலாம் என்று 2015இல் ஒரு விழா உரையில் சொன்னவர், ஒரு காலத்தில் இவர் சாம்பல் கிண்ணம் கழுவிய கூடத்தில் பாடிய பாப் டிலன்.

அவருடைய சொந்தக் குரலைப் பற்றி யாரும் புகழ்ந்ததில்லை. தவளைபோலப் பாடுகிறேன் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆனாலும் 1973இல் 'ஒய் மி' என்ற பாட்டைத் தன் குரலிலேயே கன்ட்ரி பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனார். திரைப்படங்களில் நடித்தார், 1976இல் பார்பரா ஸ்ட்ரைசாண்டோடு நடித்த படத்துக்கு கோல்டன் குளோப் வாங்கினார், 1980இல் பெரும் தோல்வியடைந்த 'ஹெவன்ஸ் கேட்' படத்தோடு அந்தச் சந்தை சரிந்தது. 1985இல் கேஷ், வில்லி நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ் ஆகியோரோடு 'ஹைவேமென்' என்ற பாடகர் குழு ஆனார். இந்த நால்வரில் கேஷும் இவரும் தவிர நெல்சனும் சிறிது காலம் விமானப்படையில் இருந்தவர். முதுகுவலியால் வெளியே வந்துவிட்டார். 1992இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், போப்பாண்டவரின் படத்தைத் தொலைக்காட்சியில் கிழித்ததற்காக ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானரைக் கூட்டம் கூச்சலிட்டு விரட்டியபோது, மேடைக்கு வந்து அவர் காதருகே தைரியம் சொன்னவர் இவர்தான். அந்தப் பெண்ணை மேடையிலிருந்து அழைத்துவரச் சொல்லித்தான் அனுப்பினார்களாம். அப்போது நிற்கும் நிற்பில் பழைய கேப்டன் தெரிகிறார். காணொளி கிடைத்தால் பாருங்கள்.

2004இல் கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். பிந்திய ஆண்டுகளில் நினைவாற்றல் குறைந்தது. 2021 தொடக்கத்தில் ஓய்வை அறிவித்தார்கள். 2023 ஏப்ரலில் வில்லி நெல்சனின் 90ஆம் பிறந்தநாள் கச்சேரியில் கேஷின் மகள் ரோசன் கேஷோடு மேடையேறினார். 2024 செப்டம்பர் 28 அன்று ஹவாயின் மாவி தீவில் தன் வீட்டில் இறந்தார். வயது 88.

எங்கே தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முதலில் கேஷ் குரலில் கேளுங்கள், பிறகு 1970இல் வந்த முதல் இசைத்தட்டில் கிறிஸ்டோஃபர்சன் குரலில் கேளுங்கள். கேஷ் பாடும்போது அந்த மனிதனை நாம் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து பார்க்கிறோம். இவர் பாடும்போது சட்டையைத் தேடிக்கொண்டிருப்பவனே பாடுகிறான். அதன்பின் எண்ணெய் மேடைப் பாட்டை இரவில் கேளுங்கள். காதல் பாட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மட்டும் அதன் அடியில் துளையிடும் இயந்திரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.